எல்லாம் திரும்பக் கிடைத்த பிறகும் மனம் களிகூரவில்லை என்றால்

வாசகி ஒருவர் எழுதிய கடிதத்தின் சுருக்கம்:

"என் கணவருக்கு நான்கு வருடம் புற்றுநோய்ச் சிகிச்சை நடந்தது. இப்போது நோயின் அடையாளமே இல்லை என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். கடனும் அடைந்துவிட்டது. சபையில் ஸ்தோத்திர ஆராதனை வைத்தார்கள், நானும் எழுந்து சாட்சி சொன்னேன். ஆனால் உள்ளே ஒன்றுமே அசையவில்லை. அந்த நான்கு வருடத்துக்குள்தான் என் அம்மா இறந்தார்கள். அழக்கூட நேரம் இருக்கவில்லை. எட்டு வயதாயிருந்த மகளுக்கு இப்போது பன்னிரண்டு. அவள் வளர்ந்ததையே நான் பார்க்கவில்லை. முன்பெல்லாம் பாடகர் குழுவில் பாடுவேன், இப்போது வாய் திறக்க முடியவில்லை. வெட்டுக்கிளிகள் பட்சித்த வருஷங்களின் விளைவைத் திரும்ப அளிப்பேன் என்ற யோவேல் 2:25-ஐ எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். 'சந்தோஷமாயிருங்கள்' என்பது கட்டளை என்றும் சொல்கிறார்கள். நான் நன்றி மறந்தவளா? வாரத்தில் இரண்டு நாள் உபவாசம் இருக்கிறேன், அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து ஜெபிக்கிறேன். இன்னும் என்ன செய்யவேண்டும்?"

அன்புள்ள சகோதரி,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். இன்னும் எதையும் கூட்டவேண்டாம். செய்கிறவற்றில் இரண்டைக் குறையுங்கள். உபவாசத்தை அடுத்த இரண்டு மாதத்துக்கு நிறுத்திவையுங்கள். மூன்று மணி அலாரத்தையும் எடுத்துவிடுங்கள். இரவில் ஏழு மணி நேரம் படுக்கையில் இருங்கள், தூக்கம் வந்தாலும் வராவிட்டாலும். மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். பகல் வெளிச்சத்தில் அரை மணி நேரம் நடந்துவாருங்கள். உங்களை ஆவிக்குரிய காரியத்திலிருந்து இறக்கிவிடுவதற்காக இதைச் சொல்லவில்லை. தேவன் எலியா தீர்க்கதரிசிக்குச் செய்தது இதுதான்.

1 இராஜாக்கள் 18-ஐயும் 19-ஐயும் ஒரே மூச்சில் வாசியுங்கள். கர்மேல் மலையில் அக்கினி இறங்கியது, வருஷக்கணக்கான வறட்சிக்குப் பிறகு மழை பெய்தது. தேசம் இழந்தது திரும்பி வந்தது. அதற்கு அடுத்த அதிகாரத்திலேயே, ராணி யேசபேலின் மிரட்டல் வந்ததும், எலியா ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறான். தேவதூதன் அவனுக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. 'இப்போதுதானே அற்புதம் கண்டாய்' என்று கடிந்துகொள்ளவுமில்லை. தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் கொடுத்தான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்கினான். தூதன் இரண்டாம்முறை எழுப்பி மறுபடியும் கொடுத்தான். நாற்பது நாள் நடந்து ஓரேபுக்குப் போன பிறகுதான் "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி வருகிறது. அதற்கும் பிறகுதான் செய்யவேண்டிய வேலையும், கூட நிற்க எலிசாவும். இந்த வரிசையைத் தேவன் வைத்த வரிசையாக எடுத்துக்கொள்ளுங்கள். நீங்களோ இதைத் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறீர்கள்: உணவையும் தூக்கத்தையும் குறைத்து, அதன் விலையாகச் சந்தோஷத்தைக் கேட்கிறீர்கள்.

ஆபத்து நடந்துகொண்டிருக்கும்போது உடம்பு தன்னை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அது விலகிய பின்புதான் தளரும். நீண்ட நாள் நோயாளியைப் பராமரித்தவர்களில் பலர், நோயாளி தேறிய பிறகே விழுகிறார்கள். சுற்றியிருப்பவர்கள் கொண்டாடுகிற நேரமும் இவர்கள் விழுகிற நேரமும் ஒன்றாக அமைந்துவிடுவதால், 'எனக்குத்தான் விசுவாசம் இல்லை' என்று தவறாக முடிவுகட்டுகிறார்கள்.

இனி, நன்றி மறந்தவளா என்ற கேள்வி. இல்லை, சகோதரி. திரும்பக் கிடைத்ததற்கான நன்றியும் இழந்ததற்கான துக்கமும் ஒரே நெஞ்சில் ஒரே நேரத்தில் இருப்பதை வேதம் பல இடத்தில் காட்டுகிறது, எங்கும் குற்றப்படுத்தவில்லை. எஸ்றா 3-ல், சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்கள் ஆலயத்துக்கு அஸ்திபாரம் போடுகிறார்கள். அநேகர் சந்தோஷத்தால் ஆர்ப்பரிக்கிறார்கள். முந்தின ஆலயத்தைக் கண்ணால் பார்த்திருந்த முதியவர்கள் மகா சத்தமாய் அழுகிறார்கள். எது அழுகை, எது ஆர்ப்பரிப்பு என்று பிரித்தறிய முடியவில்லை என்று அந்த அதிகாரம் முடிகிறது. அழாதே என்று யாரும் அந்த முதியவர்களின் வாயை அடைக்கவில்லை.

யோபுவை எடுத்துக்கொள்ளுங்கள். "இரட்டிப்பாய்க் கிடைக்கும்" என்று அவரைக் காட்டித்தான் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். ஆடுகள் 7,000 இருந்தது 14,000 ஆனது. ஒட்டகங்கள் 3,000 இருந்தது 6,000 ஆனது. ஏர்மாடும் கழுதையும் அப்படியே இரட்டித்தன. பிள்ளைகள் மட்டும் இரட்டிக்கவில்லை: முன்பு ஏழு குமாரரும் மூன்று குமாரத்திகளும், பின்பும் ஏழு குமாரரும் மூன்று குமாரத்திகளும். ஆட்டுக்குப் பதில் ஆடு வரலாம். செத்துப்போன பிள்ளைக்குப் பதிலாக இன்னொரு பிள்ளை வருவதில்லை, புதிதாகப் பிறந்தது புதிய பிள்ளைதான். அதைவிட முக்கியமான ஒன்று அதே அதிகாரத்தில் இருக்கிறது. கர்த்தர் யோபின் சிறையிருப்பை மாற்றினார் என்று 42:10 சொல்கிறது. 42:11-ல் அவனுடைய சகோதர சகோதரிகளும் பழகினவர்களும் வீட்டுக்கு வந்து, அவனோடு உட்கார்ந்து சாப்பிட்டு, அவனுக்கு ஆறுதல் சொல்கிறார்கள். நிலைமை மாறியது என்று சொல்லியானபிறகும் அவனுக்கு ஆறுதல் தேவைப்பட்டது. உங்கள் சபையார் ஸ்தோத்திர ஆராதனை வைத்தார்கள். உங்கள் வீட்டில் வந்து உட்காரவேண்டிய அந்தப் பந்திதான் இன்னும் நடக்கவில்லை.

'சந்தோஷமாயிருங்கள்' என்ற கட்டளையைப் பிலிப்பியர் 4-ல் எழுதிய பவுல், அதே நிருபத்தின் 2-ஆம் அதிகாரத்தில் தன் உடன்வேலையாளான எப்பாப்பிரோதீத்துவைப் பற்றி எழுதுகிறார். அவன் வியாதியாய் மரணத்துக்குச் சமீபமாய் இருந்தான், தேவன் இரங்கினார், பிழைத்தான். பிழைத்த பிறகும், அவனை உங்களிடம் அனுப்புவதால் என் துக்கம் குறையும் என்கிறார் பவுல். தீர்ந்துவிடும் என்று எழுதவில்லை. சந்தோஷப்படுங்கள் என்று சொன்னவருக்கும், தேவனே சுகமாக்கிய ஒருவரைக் குறித்து, குறையவேண்டிய துக்கம் இருந்தது. இந்த வசனத்தை உங்கள் மேல் வீசியவர்கள் இரண்டு அதிகாரம் முன்னால் போய் வாசித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

யோவேல் 2:25-க்கு வருவோம். "பட்சித்த வருஷங்களின் விளைவை உங்களுக்குத் திரும்ப அளிப்பேன்." அது மெய்யான வாக்குத்தத்தம், உங்களுக்கும் ஆறுதல் தரக்கூடியது. ஆனால் அது நின்றிருக்கிற இடத்தில் வைத்துப் பாருங்கள். முன்னால் 2:12 முதல் 17 வரை அழுகையும் புலம்பலும் இருக்கிறது. அதைச் செய்யச்சொன்னவரே கர்த்தர். 23-ல் மழை வருகிறது. 24-ல் களங்கள் தானியத்தால் நிரம்புகின்றன. 25-ல்தான் இந்த வாக்கு. 26-ல் சாப்பிட்டுத் திருப்தியடைந்து துதிக்கிறார்கள். மழைக்கும் களத்துக்கும் நடுவே ஒரு முழு விவசாயப் பருவம் இருக்கிறது. யாரோ உழுது விதைத்து அறுத்திருக்கிறார்கள். கடந்துபோன வருடங்கள் பின்னோக்கி ஓடிவரும் என்று அங்கே சொல்லப்படவில்லை. அவை வெறுமையாகவே நின்றுவிடாது, இனி வரும் விளைச்சல் அந்த நஷ்டத்தையும் ஈடுசெய்யும் என்று சொல்லப்படுகிறது. உங்கள் மகளுக்கு மறுபடி எட்டு வயது ஆகாது. பன்னிரண்டு வயது மகளும் அவளுடைய அம்மாவும் இனிச் சேர்ந்து விளைவிக்கிறதைக் கர்த்தர் ஆசீர்வதிப்பார்.

126-ஆம் சங்கீதத்தில் ஆறே வசனங்கள். முதல் மூன்றும், கர்த்தர் சிறையிருப்பைத் திருப்பினார், நாங்கள் சொப்பனம் காண்கிறவர்கள்போல் இருந்தோம், எங்கள் வாய் நகைப்பால் நிறைந்தது என்று பாடுகின்றன. நான்காவதில் "எங்கள் சிறையிருப்பைத் திருப்பும்" என்று மறுபடியும் கேட்கிறார்கள்! ஏற்கெனவே திரும்பி வந்தவர்கள், இன்னும் திரும்பவேண்டியது மிச்சமிருக்கிறது என்று சொல்லத் தயங்கவில்லை. அதிலும் இரண்டு விதமான திரும்புதல் வருகிறது. ஒன்று தெற்கத்தி வெள்ளம்: வறண்டு கிடக்கும் ஓடை ஒரே மழையில் நிரம்பிவிடுகிறது. உங்கள் கணவரின் சுகம் அப்படி வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். மற்றது கண்ணீரோடே விதைத்துக் கெம்பீரத்தோடே அறுப்பது: அதற்கு மாதங்கள் ஆகும். உங்கள் மனம் தேறுவது இரண்டாம் விதம். வெள்ளத்தின் வேகத்தை அறுவடையிடம் எதிர்பார்ப்பதால்தான் இவ்வளவு சோர்வு.

ஆகவே விதைக்கிற வேலை. முதலாவது உங்கள் அம்மா. மோசே இறந்தபோது இஸ்ரவேலர் வாக்குத்தத்த தேசத்தின் வாசலில் நின்றார்கள். யோர்தானைக் கடந்தால் போதும். ஆனாலும் முப்பது நாள் அழுதுவிட்டுத்தான் நகர்ந்தார்கள். நீங்களும் ஒரு தேதியைக் குறித்துக்கொண்டு முப்பது நாள் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வாரம் மூன்று மாலை, இருபது நிமிடம், கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு நோட்டும் பேனாவும். 13-ஆம் சங்கீதத்தை மாதிரியாக வையுங்கள். அதன் 1, 2 வசனங்கள் முறையீடு: "எதுவரைக்கும்" என்று நான்கு தரம் கேட்கிறான் தாவீது. 3, 4 விண்ணப்பம். 5, 6 நம்பிக்கை. ஒரு மாலைக்கு ஒரே ஒரு இழப்பு. தேவனைப் பெயர் சொல்லி அழைத்துத் தொடங்குங்கள். பிறகு நடந்ததை நடந்தபடியே எழுதுங்கள்: எந்த நாள், எங்கே இருந்திருக்கவேண்டும், எங்கே இருந்தீர்கள், எந்த வார்த்தையைச் சொல்லாமல் விட்டீர்கள். "மிகவும் வேதனைப்பட்டேன்" என்று பொதுவாக எழுதினால் அழுகையும் வராது, ஆறுதலும் வராது.

இதில் மூன்று இடத்தில் தவறிப்போகும். முறையீட்டில் இரண்டு வரி எழுதியதும் பயந்து நம்பிக்கை வரிக்குத் தாவிவிடுவது ஒன்று. பத்து நிமிடமாவது முறையீட்டிலேயே இருங்கள். ஒவ்வொரு வரிக்கும் பின்னால் "மன்னியும் ஆண்டவரே" என்று சேர்ப்பது இன்னொன்று. முறையிடுவது பாவமல்ல, மன்னிப்பு கேட்கத் தேவையில்லை. மூன்றாவது, வராத நம்பிக்கையை வந்ததாக எழுதுவது. வரவில்லையென்றால் தாவீதின் 5, 6 வசனங்களை அப்படியே பார்த்து எழுதிவிட்டு நோட்டை மூடுங்கள். அன்றைக்கு உங்களுக்குப் பதிலாக தாவீது அதைச் சொல்லட்டும். நம்பிக்கை வரி இல்லாமலே முடிகிற 88-ஆம் சங்கீதமும் வேதத்தில்தான் இருக்கிறது. எழுதியதைப் பிறகு வாசித்துத் திருத்தவேண்டாம். படுக்கைக்கு முந்தின ஒரு மணி நேரத்தில் இதைச் செய்யவும் வேண்டாம், தூக்கம் கெடும். முப்பது நாள் முடிகிறபோது உடன்பிறந்தவர்களையோ அம்மாவை அறிந்தவர்களையோ வீட்டுக்கு அழைத்து, ஒரு மணி நேரம் அவரைப் பற்றியே பேசி, ஜெபித்து, சேர்ந்து சாப்பிடுங்கள். யோபுவின் வீட்டுப் பந்தி இதுதான்.

மகளுக்கு வாரம் இரண்டு தரம், நாற்பது நிமிடம், மாறாத கிழமையில் ஒதுக்குங்கள். என்ன செய்வது என்பதை அவள் தீர்மானிக்கட்டும். அந்த நேரத்தில் படிப்பைப் பற்றியும் புத்திமதியும் வேண்டாம், கைபேசி வேறு அறையில் இருக்கட்டும். நான்கைந்து வாரம் கழிந்து அவளுக்கு உங்களோடு இருப்பது பழகியபின், "அந்த நாட்களில் உனக்கு எது ரொம்பக் கஷ்டமாக இருந்தது?" என்று கேளுங்கள். அவள் சொல்வது உங்களைக் குத்தினாலும், "அப்பாவுக்கு உடம்பு சரியில்லையே, நான் என்ன செய்வேன்" என்று நியாயம் சொல்லாதீர்கள். கேட்டுவிட்டு, "அப்போது உன் பக்கத்தில் நான் இல்லாமல் போனது எனக்கும் வருத்தம்" என்று மட்டும் சொல்லுங்கள். குற்ற உணர்வில் பரிசுகளை வாங்கிக் குவிப்பதும், நான்கு வருட அன்பை ஒரே மாதத்தில் கொட்ட முயல்வதும் பிள்ளையை மிரளவைக்கும்.

பாட்டு விஷயத்தில் அவசரம் வேண்டாம். பாபிலோன் ஆறுகள் அருகே உட்கார்ந்தவர்கள் "எப்படிப் பாடுவோம்?" என்று கேட்டதுகூட 137-ஆம் சங்கீதமாகி, ஜனங்களின் பாட்டுப் புத்தகத்திலேயே இடம்பெற்றுவிட்டது. குழுத்தலைவரிடம் மூன்று மாத ஓய்வு கேளுங்கள். ஆராதனையில் சபையோடு உட்கார்ந்து, மற்றவர்கள் பாடுவதைக் கேட்டுக்கொண்டு வார்த்தைகளைக் கண்ணால் தொடருங்கள். வீட்டில் நாளுக்கு ஐந்து நிமிடம், மூச்சை மெதுவாக விட்டு, தாழ்ந்த சுருதியில் வாய்மூடி முனகுங்கள். துக்கம் அடைத்த தொண்டையும் மேலோட்டமான மூச்சும் இதில் தளரும். சில வாரம் கழித்து வார்த்தைகளோடு ஒரு சரணம். வெற்றிப் பாடல்களில் தொடங்காமல் மன்றாட்டுப் பாடல்களில் தொடங்குங்கள். நடுவில் அழுகை வந்தால் நிறுத்தி, அந்த அடியை வாசித்துவிட்டு விடுங்கள். அன்றைய ஆராதனை அவ்வளவுதான், அது போதும்.

ஸ்தோத்திரத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். "கணவர் பிழைத்தாரே" என்ற பெரிய நன்மையைத் தினமும் எடுத்து உங்கள் துக்கத்தின் வாயை அடைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த நன்றியைச் சிலநாள் ஒருபக்கம் எடுத்துவையுங்கள். பதிலாக, இரவில் அன்றைய நாளின் ஒரே ஒரு நன்மையை, ஒரு வாக்கியத்தில், விவரத்தோடு தேவனிடம் சொல்லுங்கள். எவ்வளவு சின்னதானாலும் சரி. "கர்த்தர் நல்லவர் என்பதை ருசித்துப்பாருங்கள்" என்பதற்கு, ஒன்றை வாயில் வைத்து நிதானிக்கும் அளவு நேரம் வேண்டும். பத்தைப் பட்டியல் போட்டால் ருசி தெரியாது. சந்தோஷம் வந்த பிறகு செய்யலாம் என்று முன்பு பிடித்திருந்த காரியங்களைத் தள்ளிவைக்காதீர்கள். வாரத்துக்கு ஒன்றை நேரம் குறித்துச் செய்யுங்கள். இப்படிப்பட்ட தளர்ச்சியில் செயல் முன்னே போகும், உணர்வு பின்னே வரும்.

இதைத் தள்ளிப்போடாதீர்கள்: இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். எதிலும் விருப்பமின்மையோ மனச்சோர்வோ இரண்டு வாரத்துக்கு மேல் ஏறக்குறைய நாள் முழுக்க இருந்து, தூக்கம், பசி, கவனம் இவையும் கெட்டிருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். தைராய்டு குறைவு, இரத்தசோகை, பி12 குறைவு ஆகியவையும் இப்படியே தோன்றும். எளிய இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மூன்று மணிக்கு எழுவது அலாரத்தாலா, அலாரத்துக்கு முன்பே தானாக விழித்துவிடுகிறீர்களா என்பதை மருத்துவரிடம் சரியாகச் சொல்லுங்கள். மருந்து தந்தால், பலன் தெரியச் சில வாரம் ஆகும். பாதியில் நீங்களாக நிறுத்தக்கூடாது. கணவரைச் சுகமாக்க மருத்துவத்தைப் பயன்படுத்திய தேவன் உங்களுக்கு மட்டும் அதை மறுப்பாரா? எலியாவைப்போல் 'போதும்' என்று செத்துவிடத் தோன்றினால், அதே மணி நேரத்தில் கணவரிடம் சொல்லி, அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். தனியாக இருக்கவேண்டாம்.

கணவரிடம் இதையெல்லாம் மறைத்திருப்பீர்கள், தேறியவரை வருத்தப்படுத்தக்கூடாதென்று. இந்தக் கடிதத்தை அவரோடு சேர்ந்து வாசியுங்கள். பவுலுக்கே தேவன் தந்த ஆறுதல் தீத்து என்ற ஒரு மனிதன் வந்து சேர்ந்ததில்தான் கிடைத்தது (2 கொரிந்தியர் 7:6). சபையில் யாராவது மறுபடி சாட்சி கேட்டால், "கணவருக்குக் கிடைத்த சுகத்துக்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறேன். என் மனம் இன்னும் தேறவில்லை, அதற்காக ஜெபியுங்கள்" என்று சொல்லி உட்காருங்கள். இரண்டு வாக்கியமும் உண்மை.

ஒருநாள் எதிர்பாராமல் வாய்விட்டுச் சிரிப்பீர்கள். உடனே, அம்மாவை மறந்துவிட்டேனோ என்ற குற்ற உணர்வோ, இதுவும் பறிபோகுமோ என்ற பயமோ எழும். பெரும்பாலும் எழும், திடுக்கிடாதீர்கள். அந்தச் சந்தோஷம் நிலைக்குமா என்று சோதித்துப் பார்க்கவேண்டாம், அதைச் சாட்சியாக்கி எல்லோருக்கும் சொல்லவும் வேண்டாம். "ஆண்டவரே, இதற்கு நன்றி" என்று ஒரு வரி சொல்லிவிட்டு, எதில் சிரித்தீர்களோ அதையே தொடர்ந்து செய்யுங்கள். மறுநாள் மறுபடி மந்தமாக இருந்தால், அம்மாவுக்கான முப்பது நாளில் எத்தனையாவது நாள் என்று பார்த்து, அன்றைக்குரியதைச் செய்யுங்கள். இரண்டு மாதம் கழித்து, தூக்கம் எத்தனை மணி நேரம், மருத்துவர் என்ன சொன்னார், மகளோடு எத்தனை மாலை அமைந்தது என்ற விவரங்களோடு மறுபடி எழுதுங்கள். உபவாசத்தை எப்போது, எந்த அளவில் திரும்பத் தொடங்கலாம் என்பதை அப்போது பேசுவோம்.